கொசுவுக்குக் கைதட்டிய கூட்டம்

என் தொழில் கொசு. சொன்னால் சிரிப்பார்கள். முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டது அதுதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள்கூட, "வீட்ல ஒரே கொசு, என்ன பண்ணலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். வலை கட்டுங்கள் என்பேன். முகம் சுண்டிப்போகும். இதைச் சொல்லவா இவ்வளவு படித்தாள் என்று நினைப்பார்கள்போல.

ஓய்வு பெறப் போகிற வயதில், தலைநகரில் இருக்கிற தேசிய அறிவியல் கழகம் என்னை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எங்கள் உலகத்தில் அது பெரிய கௌரவம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். சான்றிதழ் வந்த சூட்டோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. கழகத்துக்கு இந்த வருஷம் மூன்று முன்னுரிமைகள். தாய்மொழியில் அறிவியல் பேச வேண்டும், பெண் விஞ்ஞானிகளை மேடையேற்ற வேண்டும், நகரத்து மக்களின் பிரச்சினையைத் தொட வேண்டும். அடையாறில் இருக்கிற கிளைச் செயலர் அதைப் படித்துவிட்டு முதல் போன் எனக்குத்தான் போட்டார். பெண், தமிழ், கொசு. ஒரே கல்லில் மூன்று மாங்காய். மாங்காய் நான்.

செயலர் ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர், மயிலாப்பூர்க்காரர். அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. போன வருஷம் நடத்திய பொதுமக்கள் சொற்பொழிவுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பதும் கழக உறுப்பினர்கள். அதில் பாதிப் பேர் தூங்கினார்கள். அதைப் புகைப்படம் எடுத்து இவர் தலைநகருக்கு அனுப்ப, "பொதுமக்கள் எங்கே?" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இந்த வருஷம் கழகத் தலைவரே நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"பொதுமக்களை எங்கே போய்ப் பிடிக்கறது மேடம்? மெயில் போட்டா அவா வரமாட்டேங்கறா" என்றார்.

எனக்குப் பொதுமக்களைத் தெரியும். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரக் குடிசைகளில் பன்னிரண்டு வருஷம் தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு எண்ணியவள் நான். மூன்றாம் நம்பர் வீட்டு அக்காதான் எனக்கு அங்கே எல்லாமே. நாயைக் கட்டுவாள், டீ போடுவாள், மற்ற வீட்டுக்காரிகளிடம் "நம்ம கொசு டாக்டரம்மாதான், தொற" என்று சொல்லிக் கதவைத் திறக்க வைப்பாள். அந்தக் கரையைக் காலி செய்து எல்லாரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பியபோது, சாமான் ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில் நின்று, "ஆராய்ச்சி முடிவு தெரிஞ்சதும் வந்து சொல்றேங்கா" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். முடிவு தெரிந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. என்னைக் கழகத்தில் உட்கார வைத்ததே அந்தக் கட்டுரைதான். அக்காவிடம் மட்டும் நான் போய்ச் சொல்லவில்லை. கிண்டியைத் தாண்டும்போதெல்லாம் பெரும்பாக்கம் பஸ்ஸைப் பார்ப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெட்கமாக இருக்கும்.

அதனால் இந்தச் சொற்பொழிவு எனக்குக் கழகத்துக்காக இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கூட்டமா? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லக்கா. அறிவியல் கழகம்."

"கழகமா? புச்சா கீதே. எந்தக் கூட்டணி?"

விளக்கினேன். அவளுக்கு விளங்கியது வேன் வரும் என்பது மட்டும்தான். "சாப்பாடு?" என்றாள். டீ, பிஸ்கெட் என்றேன். "டாக்டரம்மா, உனுக்கோசரம் நான் சும்மாவே வருவேன். ஆனா டீ பிஸ்கெட்டுக்கு யாரும் வண்டி ஏறமாட்டாளுங்க. பிரியாணின்னு சொல்லு, நாப்பது பேர இட்டாறேன்."

செயலரிடம் சொன்னேன். மாட வீதிக்குப் பக்கத்தில் சபா மண்டபம் பிடித்திருந்தார். "பிரியாணியா? அசைவம் கூடாதுன்னு கேட்லயே போர்டு போட்டிருக்கா மேடம்!" என்று பதறினார். அரை மணி நேரம் பேசி, திரும்பிப் போகும்போது வேனுக்குள்ளேயே பொட்டலம் கொடுப்பது, வேன் மண்டப வாசலைத் தாண்டி அடுத்த தெருவில் நிற்பது என்று முடிவானது. நாட்டின் அறிவியல் கொள்கையில் இதற்கு எந்தத் தலைப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

உரையை எழுத இரண்டு வாரம் ஆனது. கழகத்தின் கலைச்சொல் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினேன். டிரம் என்று எழுதினால் மரியாதை இல்லை என்று 'நீர்ச்சேமிப்புக் கொள்கலன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

அன்று மாலை இரண்டு வேனில் நாற்பத்தோரு பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் வெளுத்துக் கட்டிய புடவை, தலையில் பூ. அக்கா என் கன்னத்தைத் தடவி, "இன்னா இப்டி எளச்சிட்ட?" என்றாள். நான் இளைக்கவில்லை, ஆனாலும் கண் கலங்கியது. "கொடி எங்க?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். கொடி இல்லை என்றதும் அவளுக்கு ஏமாற்றம். கட்சிக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்கள், பெண்கள் முன்வரிசை, கேமராவுக்கு அதுதான் அழகு என்பது அவர்களுக்குத் தெரியும். நேராகப் போய் முன்னால் உட்கார்ந்தார்கள். உறுப்பினர்களுக்கென்று செயலர் நாற்காலியில் ஒட்டியிருந்த காகிதங்களைக் கிழித்து விசிறிக்கொண்டார்கள். உறுப்பினர்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள். செயலர் என் காதில், "பத்ம விருது வாங்கினவரைத் தூண் பின்னாடி உக்கார வெச்சிருக்கேன் மேடம்" என்றார், அழாத குறையாக.

"இப்போது நம் தலைவர் வருகிறார்" என்று மைக்கில் சொன்னதுதான் தாமதம், முன்வரிசை மொத்தமும் எழுந்து, "தலைவர் வாழ்க!" என்றது. கழகத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. வாழ்நாளில் அப்படி ஒரு வரவேற்பு அவருக்குக் கிடைத்திருக்காது. கும்பிட்ட கையை இறக்காமலே மேடை ஏறினார்.

நான் பேசத் தொடங்கினேன். "அனைவருக்கும் வணக்கம்." கைதட்டல். "கொசு ஒரு தொன்மையான உயிரினம்." கைதட்டல், ஒரு விசில். "நீர்ச்சேமிப்புக் கொள்கலன்களில்" என்றேன், மண்டபம் அதிர்ந்தது. முப்பது வருஷம் ஆங்கிலத்தில் பேசி வீணாய்ப் போனோமே என்றுகூட நினைத்தேன். தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. பெருமையில் கால் தரையில் பாவாது என்பார்கள், எனக்கு அன்று தரையே இல்லை. கழகத் தலைவர் செயலரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு திரையில் ஒரு வரைபடம் போட்டேன். ஒரு வருஷம் கொசு தாறுமாறாகப் பெருகி, நிறையப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. கோடு மேலே ஏற ஏறக் கைதட்டலும் ஏறியது. அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே மூச்சு விட்டாலும் அக்கா தலையை லேசாக அசைப்பாள், வரிசைக்கு மூன்று பேர் ஆரம்பிப்பார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வந்த வேலையை நாணயமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இல்லை, கையில் இருந்த காகிதத்தின் மேல். அதைக் கீழே வைத்தேன்.

"அக்கா, கை தட்டாதீங்க. உங்க வீட்டு டிரம்மப் பத்திதான் பேசிட்டிருக்கேன்."

மண்டபம் அடங்கியது. "என் டிரம்மா?" என்றாள் அக்கா.

"ஆமா. பன்னெண்டு வருஷம் பாத்து என்ன தெரிஞ்சுதுன்னு சொல்றேன்னு சொல்லியிருந்தேன் இல்ல? இதான். காய்ச்சல் குடுக்கற கொசு கூவத்துல வளரல. உங்க டிரம்ல, நல்ல தண்ணியில வளருது. லாரித் தண்ணி எப்ப வரும்னு தெரியாம நீங்க நாள்கணக்கா பிடிச்சு வெச்சீங்க. தெனமும் குழாய்ல தண்ணி வந்த தெருவுல டிரம்மும் இல்ல, கொசுவும் கம்மி."

சொல்லிவிட்டேன். நாற்பத்தோரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைகூடத் தட்டவில்லை. அக்கா எழுந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்கா."

"இத்த கண்டுபுடிக்கவா இத்தினி வருசம் என் ஊட்டுக்கு வந்துகினு இருந்த? நீ வந்த மொத நாளே நான் சொன்னேனே! தெனம் கொழாயில தண்ணி வந்தா எவ டிரம்மு வெப்பா, டிரம்மு இல்லாங்காட்டி கொசு எங்கேர்ந்து வரும்னு? நீ தலைய ஆட்டிக்கினே எழுதிக்கினு இருந்தியே!"

மண்டபம் சிரித்தது. அதற்கப்புறம் வந்தது நிஜமான கைதட்டல், அது எனக்கு இல்லை. கழகத் தலைவர் குனிந்து, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆராய்ச்சியைப் பாராட்டுகிறார் என்று செயலர் எனக்காக அதே ஆங்கிலத்தில் கூசாமல் பொய் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உண்மையாகவே அவர் முதல் நாள் சொன்னாரா என்று கேட்டார். நினைவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பிரியாணி அடுத்த தெருவில் காத்திருந்தது, அதற்குமேல் யாருக்கும் கேள்வி இல்லை.

மறுநாள் காலை பரண் மேல் ஏறி, முதல் வருஷத்துக் களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கம். வீடு மூன்று. டிரம் இரண்டு. மூடி இல்லை. புழு உண்டு. கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், என் கையெழுத்தில் இரண்டு வரி: 'வீட்டுக்காரப் பெண் ஓயாமல் பேசுகிறார். இனி அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வரவும்.'

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. மூடி வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் போனை எடுத்து, அக்காவுக்கு அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் அவள் சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"ஓயாம பேசறேன்னா எழுதிக்கீற? அது நெஜந்தான். சரி, பேனா வெச்சிக்கீறியா?"

"வெச்சிருக்கேங்கா."

"இங்க எட்டாவது மாடிக்குத் தண்ணி ஏறல. மோட்டாரு படுத்துக்கினு மூணு மாசம் ஆவுது. ஊட்டுக்கு ரெண்டு டிரம்மு கீது. எழுதிக்கினியா?"

எழுதினேன்.

"மொத்தம் எத்தினி ஊடுன்னு சொல்றேன், அதையும் எழுது" என்றாள்.