மேகத்தை விரட்டும் எலாதியா

எலாதியாவை எங்கள் ஊரில் யாரும் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை; காதால்தான் அறிமுகம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் அவள் மணியோசை தெரியும். காஸ்தீலியச் சமவெளியின் ஓரத்தில் இருக்கும் எங்கள் டோர்மெல்யாவின் கோயில் மணிக்கூண்டுச் சாவி, இருபத்தொன்பது வருடமாக அவள் இடுப்பில்தான் தொங்கியது. பூசைக்கும் சாவுக்கும் அடிப்பது கிடக்கட்டும். ஆகஸ்டில், திராட்சை கறுத்து வரும்போது, மேற்கு மலைமேல் கருமேகம் திரண்டால் ஓடிப்போய் ஒரு தனித் தாளத்தில் அடிப்பாள். மேகம் தயங்கி, தெற்கே திரும்பி, பக்கத்து ஊர் அல்கிரேஸ் மேல் ஆலங்கட்டியைக் கொட்டிவிட்டுப் போகும். காற்றே அங்கே தெற்கு நோக்கித்தான் வீசும் என்று படித்தவர்கள் சொல்லலாம். எங்கள் ஊர் நம்புவது மணியை. அல்கிரேஸும் மணியைத்தான் நம்பியது, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சந்தையில் அல்கிரேஸ்காரர்களைப் பார்த்தால், "போன வாரம் அனுப்பினது வந்து சேந்துச்சா?" என்று விசாரிப்பாள். அந்த வாய்தான் வினையானது.

ஒரு ஆகஸ்டில் அல்கிரேஸ் ஊர்த் தலைவர் கவுதென்சியோ, வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். சாமியார் இல்தெஃபோன்சோ இளவயசு, ஊருக்கு வந்து நாலு மாதம். எலாதியாவுக்கு ஆள் போனது.

"சாமி, இந்தம்மா மணியடிச்சா எங்க ஊரு அழியுது. சாவிய வாங்குங்க. இல்லேன்னா கோர்ட்டுக்குப் போறேன்," என்றார் தலைவர்.

சாமியார் சிரித்தார். "மணிக்கும் மேகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? சுத்த மூடநம்பிக்கை. அதுக்காகவே சாவிய வாங்கத்தான் போறேன்."

எலாதியா இடுப்புச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்தமாக ஒரு திராட்சைக் கொடிகூட இல்லை. மணிக்காரி என்பதால்தான் அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு அவளுக்குக் கோதுமை கொடுத்தார்கள். சாவி போனால் அவள் யார்? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேரும் முதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. மணிக்கு சக்தி இல்லேன்னா தலைவரு எதுக்குக் கோர்ட்டுக்குப் போறாரு? இருக்குன்னா, சாமி, அதப் பூட்டி வெச்ச பாவம் யாருக்கு?"

சாமியார் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் இருண்டது. மலைமேல் மேகம், ஆலங்கட்டி மேகத்துக்கே உரியபடி அடிவயிறு மட்டும் வெளுத்து. எலாதியா சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த கவுதென்சியோவின் முகம் வெளிறியது. அவர் மனைவி எங்கள் ஊரில் பிறந்தவள். அப்பன் வீட்டுச் சொத்தாக வந்த முந்நூறு கொடி, எங்கள் எல்லைக்குள் ஆற்றங்கரையில் காய்த்துக் குலுங்கின. அல்கிரேஸில் அவர் தோட்டத்தை ஜூலை ஆலங்கட்டியே தீர்த்துவிட்டது, மிச்சம் இதுதான்.

"என்னம்மா மரம் மாதிரி நிக்கிற? போய் அடி!"

"எதுக்குத் தலைவரே? மூடநம்பிக்கைன்னு சாமியே சொல்லிட்டாரு. கோர்ட்டுன்னா எனக்கு நடுக்கம் வேற."

"உன் கால்ல விழுறேன், ஏறு!"

"முட்டி வலிக்குதே. சாவி இந்தா இருக்கு, கயிறு அங்க தொங்குது."

தலைவர் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினார். தாளம் தெரியாமல், கல்யாண மணியும் சாவு மணியும் கலந்தாற்போல் அடித்துத் தள்ளினார். மாப்பிள்ளை பீடத்திலேயே விழுந்து செத்துவிட்டானோ என்று பதறிப்போய் ஊரே கோயில் வாசலில் கூடியது. கீழே நின்ற எலாதியா, "தூங்குறீங்களா? இன்னும் பலமா இழுங்க தலைவரே!" என்று கத்தினாள்.

மேகம் தெற்கே திரும்பியது. அல்கிரேஸில் புறா முட்டை அளவில் விழுந்ததாகக் கேள்வி.

மணியடித்தது யார் என்று மறுநாள் அல்கிரேஸ்காரர்கள் விசாரித்தபோது எங்கள் ஊர் எதையும் மறைக்கவில்லை. அத்தோடு வழக்குப் பேச்சு அடங்கியது. சாமியார் சாவியை எலாதியாவிடமே நீட்டினார். "மூடநம்பிக்கைதான். ஆனா அந்தாளு கையில மறுபடி கயிறு போகக் கூடாது. காது போச்சு."

எலாதியாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. மணிக்கூண்டை ஒட்டிய வீட்டில் இருக்கிறாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது.