அமாவாசையன்று தரைதட்டிய படகு

என் கணவர் ஆலங்குடாவில் சுற்றுலாப் பயணிகளை டொல்பின் பார்க்க அழைத்துப் போகும் படகோட்டி. நான் விஞ்ஞான ஆசிரியை. போன வருடம் ஓர் அமாவாசையன்று, கடலோரக் களப்பிலுள்ள தீவொன்றில் என் சிநேகிதியின் மகளுக்கு நிக்காஹ். காலையிலேயே எங்கள் படகில் புறப்பட்டோம். அன்று தண்ணீர் அதிகம் வற்றும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆழமான பக்கமாகச் சுற்றிப் போக மனமில்லாமல் குறுக்கே விட்டார். பாதி வழியில் படகு சேற்றில் தட்டி நின்றது. அவர் இறங்கித் தள்ளியதில் முழங்கால் வரை புதைந்ததுதான் மிச்சம்.

"இனித் தண்ணி ஏறினாத்தான். மத்தியானம் லுஹருக்குப் பொறகு பாப்பம்" என்றார்.

எனக்குக் கோபம்தான். ஆனால் சேறு வழிய, தப்புச் செய்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க அது நிலைக்கவில்லை. குடையை அவர் பக்கமும் சரித்தேன்.

"சந்திரன்தான் தண்ணிய இழுக்குதெண்டு சொல்லுவாய். இண்டைக்குச் சந்திரனே இல்லையே?" என்றார்.

"இரிக்கு. சூரியனுக்குக் கிட்ட நிக்கிறதால தெரியல்ல. ரெண்டும் ஒரே கோட்டுல நிண்டு இழுக்குது. அதான் ஏறினாலும் கூட ஏறும், வத்தினாலும் கூட வத்தும்."

காலில் இருந்த சேற்றை வழித்துப் போட்டபடி கேட்டார். "அப்ப நாங்க சந்திரன இழுக்கிறல்லையா?"

"இழுக்கிறம். அது எங்கள இழுக்கிற அதே அளவுக்கு. பாரம் உள்ள எல்லாமே ஒண்டையொண்டு இழுக்கும்."

"நீ என்னை?"

தொலைபேசியை எடுத்து எங்கள் இருவரின் நிறையையும் போட்டு, இடையில் ஒரு மீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். "ராவைக்குக் கடிக்கிற ஒரு நுளம்புட பாரத்துல நூறுல ஒரு பங்கு வரும்."

அவர் முகம் வாடிவிட்டது. "இருவது வருசம் ஒண்டா இருந்தும் அவ்வளவுதானா?"

"தூரம் பாதியானா இழுவை நாலு மடங்காகும்" என்றேன்.

எழுந்து வந்து என்னருகில் உட்கார்ந்தார். சேறெல்லாம் என் புதுச் சேலையில். நான் விலகவில்லை. கல்யாண வீட்டுக்கென்று செய்து எடுத்து வந்த இனிப்பு வட்டிலப்பத்தை இருவரும் விரலால் வழித்துத் தின்றோம்.

தண்ணீர் ஏறி நாங்கள் போய்ச் சேரும்போது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டிருந்தார்கள். சிநேகிதி என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தபடி சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஆண்கள் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது.

"நாங்களும் சந்திரன இழுக்கிறமாம், தெரியுமா?"

"கொஞ்சம் மெல்ல இழுத்திருந்தா தண்ணி இவ்வளவு வத்தியிருக்காது, நேரத்துக்கு வந்திருக்கலாமே" என்றார் யாரோ ஒருவர்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அவர்தான்.