பூ வைக்கும்வரை அறுக்காத சம்பு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே தொடங்கினால் முடிக்கும்போது கீழே கிடக்கிறது. முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதை எழுத மூன்று நாள் ஆனது. மருமகள் போட்டோ எடுத்து நம் வகுப்பு குரூப்பில் போடுவாள்.

பச்சைச் சம்பை அறுத்தால் அரிவாளில் வழவழவென்று ஒரு நீர் ஒட்டும்... அதோடு ஏரிச் சேற்று வாடை. இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

சம்பு தெரியும்தானே? ஏரி ஓரத்தில் ஆள் உயரம் வளர்ந்து, நுனியில் பழுப்பாக, உருளையாகப் பூ வைக்குமே, அது.

கல்யாணமான இரண்டாம் வருடம் மழை இல்லை. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பிடி வைக்கோல் கிடையாது. ஏரியில் ஊர்ச் சாக்கடை வந்து சேரும் மூலை மட்டும் ஈரம். அங்கே சம்பு முளைத்தது. மாடு வைத்திருந்த வீடுகளுக்குக் குச்சி நட்டுப் பங்கு பிரித்தார்கள்.

எங்களிடம் ஓர் எருமை. என் மனைவி மாதம்மாவுக்கு மாரண்டஹள்ளியில் அவள் பிறந்த வீட்டார் கொடுத்தது. எனக்கு அது எருமை. அவளுக்குச் சிங்காரி. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பால் விடும்.

சம்பு முழங்கால் உயரம் வந்ததுமே சொன்னாள்.

“ஏங்க, இப்பவே அறுத்துப் போடுங்க. இளசுலதான் சத்து. பூ வெச்சிட்டா சத்தெல்லாம் வேருக்கு எறங்கிடும். எங்கூரு ஏரில இப்படித்தான். அறுக்க அறுக்க வருங்க.”

“இத அறுத்தா நாலு நாளைக்குக் காணுமா? ஆளு ஒசரம் வரட்டும், வண்டி வண்டியா அறுக்கறேன். உங்கூரு ஏரி கதைய இங்க அளக்காத.”

மற்றவர்கள் அறுத்தார்கள். “என்னாங்கய்யா, ஏரிக்கே மொட்டை அடிக்கிறீங்க?” என்று கரையில் நின்று சிரித்தேன்.

என் பங்கு மட்டும் கரும்பச்சையாக வளர்ந்தது. தினமும் போய்ப் பார்ப்பேன். அதுவரை எருமைக்கு ஆலந்தழைதான்... பூ வைத்த பிறகு இரண்டு வண்டி அறுத்து வீட்டு முன்னால் குவித்தேன். அவ்வளவு பெரிய போர் தெருவில் யாரிடமும் இல்லை.

எருமை தின்றது. வயிறு நிறைந்தது. ஆனால் இடுப்பெலும்பு நாளுக்கு நாள் வெளியே வந்தது. பால் நின்றது. மற்றவர்கள் பங்கு மறுபடி துளிர்த்து, மூன்றாம் தடவை அறுத்தார்கள். அவர்களிடம் போய் ஒரு கட்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் காலை அது எழுந்திருக்கவே இல்லை.

மாதம்மா திட்டவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். குவியலைப் பார்த்தாள்.

“இன்னும் பாதி இருக்குதுங்களே... யாருக்குப் போடப் போறீங்க?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ மாடுகள் வந்தன. அவள் ஒன்றுக்கும் பேர் வைக்கவில்லை.

போன வாரம் மாட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தீவனத்தைப் பற்றி. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

“பெரியவரே, சீட்டு வாங்கணுங்களா?” என்றார் அங்கிருந்தவர்.

“இல்லீங்க, படிச்சிட்டிருக்கேன்” என்றேன். அதைச் சொல்லும்போது வந்த சந்தோஷம்! எழுபது வயதுக்கு மேல் வாயில் வந்த புது வார்த்தை அது.

ஆனால் படித்தது என்ன? பூக்கும் முன் அறுக்க வேண்டும், முற்றினால் நார்தான் மிஞ்சும் என்று. அவள் சொன்னதேதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “அதுல சிங்காரி பேரு போட்டிருக்குதா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன படிச்சீங்க...”

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது ஏரியின் அந்த மூலை முழுக்கச் சம்பு. எல்லா வீட்டிலும் மூட்டைத் தீவனம், அறுக்க யாரும் இறங்குவதில்லை. காற்றடித்தால் பஞ்சு பறக்கிறது, அவ்வளவுதான்.

சிங்காரி. இத்தனை வருடத்தில் நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நாலு முறை அழித்து எழுதினேன். மாதம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தாள்.

“இத்தனூண்டா அவ பேரு? அவ கன்னுக்குட்டியா எங்கூரு ஏரில நீந்துன கதைய எழுதவே இல்லியே.”

எனக்கு அது தெரியாது. கேட்டதே இல்லை. அடுத்த வாரம் அவள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் எழுதுகிறேன்.