இருமிய ஓங்கில் குட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் விலங்கியல் மாணவன். ஓங்கில் என்கிற டால்பின் குட்டியொன்று சாந்தோம் கரையில் செத்து ஒதுங்கியிருக்கிறது என்று கேட்டதும் சைக்கிளில் பறந்தேன். மீனவப் பெண் செல்லம்மா அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஓங்கில் ஒதுங்கினால் அப்படித் தெளித்துப் புதைப்பது அந்தக் குப்பத்து வழக்கம்.

"வலையில மாட்டிக் கொன்னுட்டு இப்ப பூஜை வேறயா?" என்று சீறினேன். நோட்டிலும் 'வலையில் சிக்கிச் சாவு' என்று எழுதிவிட்டேன்.

"வலை இல்ல நைனா. மூணு நாளா கரையோரமா இருமிக்கினு கெடந்துச்சு."

"ஓங்கில் எங்கேயாவது இருமுமா?" என்று சிரித்தேன். அது நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்!

செல்லம்மாவின் சம்மதத்தோடு மணலிலேயே அறுத்துப் பார்த்தேன். நுரையீரலைத் திறந்தேன். மூச்சுக்குழல் முழுக்க, நூல்கண்டு பிரிந்து சிக்கியதைப் போல வெள்ளைப் புழுக்கள்! இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. "புழு! நுரையீரல்ல புழு!" என்று கரையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

செல்லம்மா எட்டிப் பார்த்தார். "பால்குடி மறக்காத குட்டி. இத்த வெச்சிக்கினு எப்டி மூச்சு வுட்டுச்சோ!"

நோட்டில் இருந்ததை அடித்துவிட்டு, 'மூன்று நாள் இருமியது' என்று எழுதினேன். மறுநாள் பேராசிரியர் அந்த வரியைப் படித்து வியப்பில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இருமினதை யார் பார்த்தது?"

"செல்லம்மான்னு ஒரு அம்மா சார்," என்றேன். "நான் சிரிச்சதையும் அவங்கதான் பார்த்தாங்க."