அப்பா பிளந்த முலாம்பழம்

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்துப் பழக்கடையில் முலாம்பழத்தை அறுக்கையில் எழுந்த மணம், அரியலூருக்கு மேற்கே இருந்த எங்கள் புன்செய்க் கொல்லைக்கு என்னை இழுத்துச் சென்றது. அங்கே கோடைதோறும் அப்பா காம்படியை முகர்ந்து, பழுத்ததை அறிந்து பிளப்பார். செம்மஞ்சள் சதையின் சாறு முழங்கைவரை வழிய, உடற்சூடு தணியுமென்று அம்மா இன்னொரு கீற்றை நீட்டுவார். உடன் வந்திருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"நம்ம கொல்லையில முலாம்பழம் ஏதுடா? அது வெள்ளரிப்பழம். வெல்லம் வைக்காட்டி தொடவே மாட்ட நீ!" என்று சிரித்தார்.

நான் குழம்பினேன். எனக்கு ஏழு வயதில் இறந்துபோன அப்பாவைப் பற்றி என்னிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு காட்சிதான். கொல்லையோ சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளமாகிவிட்டது. பழத்தை முகர்ந்தவர் அப்பாதானா என்று கேட்க வாயெடுத்தவன், விடைக்கு அஞ்சி, கையிலிருந்த துண்டைக் கடித்தேன்.