கடைசிப் படம் முடியவில்லை

இன்று காலை கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வந்தேன். மடியில் சுருட்டிய வீட்டு பிளான் ஒன்று.

பக்கத்தில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நீங்க பிளான் கீறுறவங்களா, மிஸ்?"

"ஓம், கட்டடக்கலைதான் படிச்சனான்."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த மகளைக் காட்டினார். அவளும் அதே படிப்புக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறாளாம். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. போன வாரம் கொழும்புக்குப் போய், படம் கீறவைத்துத் திறமை பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

"கடைசிப் படத்தை மட்டும் முடிக்க ஏலாமப் போயிட்டு. மத்தது எல்லாம் செஞ்சிருக்கா. கிடைக்கும்தானே?"

நானும் அந்தப் பரீட்சை எழுதியவள். படத்தை முடிக்காமல் விட்ட ஒருவரையும் எங்கள் பல்கலைக்கழக வகுப்பில் நான் கண்டதில்லை.

"பார்ப்பம் அக்கா. மத்தது நல்லாச் செஞ்சிருந்தா ஏலும்" என்றேன்.

மகள் ஜன்னலுக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் தாய் முன்னால் இறங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மெய்யாச் சொல்லுங்க மிஸ்."

"கஷ்டம்தான், தங்கச்சி."

"தெரியும். அந்தப் படத்தை நான் தொடங்கவேயில்ல. பாதி கீறின எண்டு உம்மாட்ட சொல்லியிருக்கன். ரிசல்ட் வரும்வரைக்கும் அவ சந்தோஷமா இருக்கட்டும்."

நாங்கள் இறங்கியதும், கீழே நின்ற தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கட வாயால கேட்டது போதும், மிஸ்."

மகள் அவருக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

முடிவு வரும் நாளில் அந்த வீட்டில் ஒருத்திக்குப் பொய்க்காரி என்று பெயர் விழும். அது மகளாக இருக்காது, நானாகத்தான் இருக்கும். நீங்களென்றால் அந்தத் தாயிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?