வெர்லினின் இருநூறு டிகிரி

எங்கள் ஊரில் வெர்லினைக் குறை சொல்ல ஒரு வாயும் கிடையாது. எழுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். மினசோட்டா குளிரில் யார் வீட்டுப் பனி தள்ளும் இயந்திரம் நின்றுபோனாலும் காசு வாங்காமல் சரி செய்து தருவான். அதனால் அவன் என்ன செய்தாலும் ஊர் தலையாட்டும். நவம்பரில் வரும் 'தேங்க்ஸ்கிவிங்' நன்றித் திருநாளுக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் விருந்துக்கு ஆறு வருடமாக வான்கோழியை வேகவைப்பவன் அவன்தான். வேகவைப்பவன் என்று நான் சொல்வது பெருந்தன்மை.

பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ஏதோ பத்திரிகையில் படித்தானாம், சூட்டைக் குறைத்து நெடுநேரம் வைத்தால் கறி பஞ்சுபோல் இருக்கும் என்று. பாதி படிப்பதற்குள் மருத்துவர் கூப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது. இருபத்தைந்து பவுண்டு பறவையை, கல்லாக உறைந்தது உறைந்தபடியே, முதல் நாள் இரவு ஓவனில் வைத்து தண்ணீர்கூடக் கொதிக்காத இருநூறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் திருப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். ஐந்தாறு நாள் குளிர்பெட்டியில் வைத்து உருக்கினால் சாறு போய்விடுமாம். உருக்காமல் வைப்பதானால் முந்நூற்று இருபத்தைந்துக்குக் குறையாமல் வை, நேரத்தையும் ஒன்றரை மடங்காக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பறவையைச் சுற்றிய உறையிலேயே அச்சடித்திருக்கிறது. இவன் முதலில் கிழித்துப் போடுவதே அந்த உறையைத்தான்.

போன வருடம் விருந்து முடிந்து பத்தொன்பது பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். என் கணவர் ஆர்விட் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பழி என் உருளைக்கிழங்கு சாலட் மேல் விழுந்தது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு எந்த விருந்துக்குக் கொண்டுபோனாலும் என் கிண்ணம் கரண்டி படாமல் திரும்பி வந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த சாலட்டை வயிறு முட்டத் தின்றவள் நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்க ஆளில்லை.

இந்த மார்ச்சில் ஆர்விட்டுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். இந்த வருட விருந்துக்குக் காரில் போகும்போதே நான் ஆரம்பித்தேன்.

"அவன் கறியைத் தொடாத. உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லைன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"ஒரு துண்டுதானே, மார்டெல். வேணாம்னா மனசு சங்கடப்படுவான். போன மாசம்தான் நம்ம மெஷினைப் பாத்துக் குடுத்தான்."

"அதுக்கு உசுரையா குடுப்ப?"

என் பைக்குள் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தது.

பதினொன்றரை மணி. தோல் பொன்னிறமாக மினுங்க, வெர்லின் முதல் துண்டை அறுத்து ஆர்விட்டின் தட்டில் வைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்தவனுக்கு மரியாதையாம். நான் வெப்பமானியை வான்கோழியின் தொடைச் சந்தில் செருகினேன்.

"நூத்தி நாலு, வெர்லின். நூத்தி அறுபத்தஞ்சு வரணும்."

"உன் மீட்டர்லதான் ஏதோ கோளாறு. குடுத்துட்டுப் போ, பாத்து வைக்கிறேன்."

நான் பறவையின் வயிற்றுக்குள் கையை விட்டேன். ஈரலும் இதயமும் போட்டுத் தொழிற்சாலையில் திணித்துவிடும் காகிதப் பை அப்படியே இருந்தது. உறைந்த பறவையிலிருந்து அதை எப்படி எடுப்பான்? வெளியே இழுத்தேன். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் ஊறிய பச்சை ஈரல். வெள்ளை மேசைவிரிப்பில் இளஞ்சிவப்பு நீர் சொட்டியது.

நாற்பது பேர் கூரையைப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற லவோன், "இது... கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"போன வருஷம் சாலட்தானே யாருக்கும் ஒத்துக்கல" என்றான் வெர்லின்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்விட் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடு, ஆர்விட்" என்றேன். "உன் அடக்கத்துக்கு சாலட் நானே செஞ்சு கொண்டு வரேன். எப்படியும் எவரும் தொட மாட்டாங்க."

ஆர்விட் தட்டைக் கீழே வைத்தார். "வெர்லின், இது வேகல." முள்கரண்டியையும் வைத்துவிட்டு, "போன வருஷமும் வேகல. எலும்புகிட்ட ரத்தம் இருந்துச்சு."

"அப்பவே தெரியுமா? ஏன்டா சொல்லல?" என்றான் வெர்லின்.

"நீ வருத்தப்படுவியேன்னுதான்."

சுற்றி நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வெர்லினின் மனசு நோகக்கூடாதென்று ஊரே சேர்ந்து ஒரு வருடம் பழியை என் தலையில் கட்டியிருக்கிறது, என்னைக் கட்டிக்கொண்டவர் உட்பட.

வான்கோழி குப்பைக்குப் போனது. எல்லோரும் மேசைக் கோடியில் நான் கொண்டுவந்து வைத்திருந்த சாலட்டுக்கு வரிசையில் வந்தார்கள். வெர்லின் இரண்டு முறை வாங்கினான். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, "நல்லா இருக்கு" என்றார்கள். கடைசியாக ஆர்விட் தட்டோடு வந்து நின்றார். நான் கிண்ணத்தை மூடினேன்.

"எனக்கு?"

"தீந்துபோச்சு."

உள்ளே இன்னும் பாதி இருந்தது. மூடி கண்ணாடி, அவருக்கும் தெரிந்தது. காலித் தட்டோடு போய் உட்கார்ந்தார்.